பல்கலைக்கழகத்துக்கும் ஒரு சேரி இருக்கிறது

(படிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுநடை ஆங்காங்கே அப்படியே விடப்பட்டுள்ளது.)



‘பல்கலைக்கழகங்களின் தொடர்கல்வியும் தொழில்சார் மேம்பாட்டுப் படிப்புகளும்’ என்று ஒரு தலைப்பைக் கொடுத்துப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். கேட்டவுடனே, இது கல்வித்துறை அதிகாரிகள் பேச வேண்டிய தலைப்பாச்சே, கவிதை எழுதுகிறவனுக்கு இதில் என்ன வேலை என்றுதான் தோன்றும். ஆனால் நம்ம தெருக்களில் டிகிரி முடித்தவர்கள் யார் யார் என்று ஒரு கணக்கு எடுத்துப் பாருங்க. அஞ்சல்வழியில் முடித்தவர்கள், வேலைக்குப் போய்க்கிட்டே முடித்தவர்கள், கல்யாணம் ஆகி இரண்டு பிள்ளைக்குப் பிறகு முடித்தவர்கள் என்று ஒரு பெரிய வரிசை வரும். நம்முடைய கல்வி வரலாற்றில் பாதி அந்தத் தபால் பார்சலில்தான் வந்து சேர்ந்தது. அதனால் இதை நாம்தான் பேசியாகணும்.

முதலில் ‘தொடர்கல்வி’ என்கிற சொல்லைப் பார்ப்போம். தொடர்வதற்கு முன்னால் தொடங்கியிருக்கணும் இல்லியா? ஒருத்தர் எம்.பி.ஏ. முடித்து அதிகாரியாக இருக்கிறார். அடுத்த பதவி உயர்வுக்கு ஒரு டிப்ளமோ படிக்கிறார். அவருக்கும் தொடர்கல்வி. இன்னொருத்தர் ஒன்பதாவதில் பள்ளியை விட்டு செங்கல் சூளைக்குப் போனார். முப்பது வயதில் திரும்பி வந்து ஒரு விண்ணப்பப் படிவத்தைக் கையில் எடுக்கிறார். அவருக்கும் தொடர்கல்வி. முதல் ஆள் இருப்பதற்கு மேல் சேர்க்கிறார். இரண்டாவது ஆள் பறித்துக்கொள்ளப்பட்டதைத் திரும்பக் கேட்கிறார். இரண்டையும் ஒரே சொல்லால் மூடும்போது, யார் அறுத்தார்கள், எதனால் அறுந்தது என்கிற கேள்வி காணாமல் போயிடுது. ‘இடைநிற்றல்’ என்று அரசாங்கக் காகிதங்களில் எழுதுவார்கள், ஏதோ நம்ம பிள்ளை நடந்து போகிற வழியில் தானாக நின்றுவிட்டது மாதிரி. நின்றதா, நிறுத்தப்பட்டதா என்பதுதான் நம்ம கேள்வி.

இந்தத் தொடர்கல்வி ஏதோ யு.ஜி.சி. கண்டுபிடித்தது என்று நினைக்க வேண்டாம். 1855ல் ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் புனேயில் பகலெல்லாம் உழைத்துக் களைத்தவர்களுக்காக இரவுப் பள்ளி நடத்தினார்கள். சென்னை, பம்பாய், கல்கத்தா பல்கலைக்கழகங்கள் 1857ல்தான் வருகின்றன. பல்கலைக்கழகங்கள் பிறப்பதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே, உழைக்கிறவன் எந்த நேரத்துக்கு வர முடியுமோ அந்த நேரத்துக்குப் பள்ளிக்கூடம் திறந்திருக்கணும் என்று முடிவு பண்ணியவர்கள் நம்ம மரபில் இருக்கிறார்கள்.

பாபாசாகேபையே எடுத்துக்கொள்ளுங்க. அவரை மாமேதை, சட்டம் எழுதியவர் என்று சிலையாக்கி வைத்திருக்கிறோம். அவருடைய படிப்பு எத்தனை இடத்தில் அறுந்தது என்பதை நம்ம பிள்ளைகளுக்கு சொல்றதில்ல. கொலம்பியாவை முடித்து 1916ல் லண்டன் போகிறார். பரோடா உதவித்தொகையின் காலம் முடிந்துபோனதால் 1917ல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் திரும்புகிறார். பரோடாவில் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் தங்குவதற்கு ஓர் அறை கிடைக்கவில்லை. பம்பாய்க்கு வந்து சிடன்ஹாம் கல்லூரியில் ஆசிரியராக இருந்து காசு சேர்க்கிறார். கோலாப்பூர் சாகு மகராஜ் உதவுகிறார், நண்பரிடம் கடன் வாங்குகிறார். 1920ல் திரும்ப லண்டன். 1921ல் எம்.எஸ்சி., 1923ல் டி.எஸ்சி. இதில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. 1917ல் அவர் கிளம்பும்போது, நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று லண்டன் பல்கலைக்கழகம் அனுமதி கொடுத்திருந்தது. அந்த அனுமதி இல்லையென்றால் அவர் எவ்வளவு பெரிய அறிவாளியாக இருந்திருந்தாலும் திரும்பிப் போக ஒரு வாசல் இருந்திருக்காது. தொடர்கல்வி என்பதன் சரியான பொருள் அதுதான். படிக்கிறவன் கையில் காசு இல்லாமல் வெளியே போனாலும் கதவைத் தாழ்போடாமல் வைத்திருப்பது.

அந்த அனுபவத்திலிருந்துதான் 1945ல் மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கி, 1946ல் பம்பாயில் சித்தார்த் கல்லூரியை அவர் திறக்கிறார். வேலைக்குப் போகிற பிள்ளைகளும் படிக்கணும் என்று காலை வேளையில் வகுப்பு வைத்தார். ‘வேலையை விட்டுட்டு வா’ என்று அவர் சொல்லவில்லை. வேலைக்குப் போகிறவனுக்கு ஏத்த மாதிரி கல்லூரியின் கடிகாரத்தை மாத்தி வைத்தார். இது ரொம்ப முக்கியம்.

இனி அரசாங்கத்தின் கதைக்கு வருவோம். 1962ல் டெல்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிப் படிப்பைத் தொடங்குகிறது. தமிழ்நாட்டில் 1971ல் மதுரைப் பல்கலைக்கழகம், 1979ல் அண்ணாமலை, 1981ல் சென்னை. 1982ல் ஐதராபாத்தில் ஆந்திரப் பிரதேசத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், இந்தியாவிலேயே முதலாவது. 1985ல் இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். 2002ல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். இப்போது 2020-21ஆம் ஆண்டு அரசுக் கணக்கைப் பார்த்தால் இந்தியாவில் உயர்கல்வியில் இருந்த 4 கோடியே 14 லட்சம் பேரில் ஏறக்குறைய 45 லட்சம் பேர் தொலைநிலையில் படித்தவர்கள். பத்தில் ஒருவருக்கும் மேல்.

இவர்கள் யார்? போலீஸ்காரர், மில் தொழிலாளி, பஸ் கண்டக்டர், இடைநிலை ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர், பதினெட்டு வயதில் கட்டிக் கொடுக்கப்பட்ட பெண்கள். ரெகுலர் கல்லூரிக்கு மூன்று வருஷம் பகல் பொழுதைக் கொடுக்க முடியாதவர்கள். பகல் பொழுது என்பது ஒரு சொத்து, தோழர்களே. நிலம் மாதிரி, வீடு மாதிரி. பகலை விற்றால்தான் ராத்திரி அடுப்பு எரியும் என்கிறவனிடம் பகல் இருக்காது. சாதியும் வர்க்கமும் சேர்ந்து நம்மகிட்டயிருந்து பறித்த சொத்துக்களில் பகலும் ஒன்று.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன். ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்குள்ளும் ஓர் ஊர் இருக்கிறது, ஒரு சேரி இருக்கிறது. ரெகுலர் துறைகள் இருக்கிற பகுதி ஊர். அங்கே நிரந்தரப் பேராசிரியர்கள், நூலகம், ஆய்வுக்கூடம், விடுதி எல்லாம் உண்டு. தொலைநிலைக் கல்வி, தொடர்கல்வி என்று ஒரு கட்டடம் ஓரத்தில் இருக்கும். அது சேரி. அங்கே அச்சடித்த பாடப்புத்தகம் ஒன்று, சனி ஞாயிறு வகுப்பு சில நாள், ஒப்பந்த ஆசிரியர்கள், ஒரு கட்டணக் கவுண்டர். பல பல்கலைக்கழகங்களில் அந்தக் கவுண்டரில் வசூலான பணம்தான் ஊர்ப்பக்கச் செலவுகளைத் தாங்கிப் பிடித்தது. உழைப்பு சேரியிலிருந்து ஊருக்குப் போகும், மரியாதை மட்டும் ஊரிலிருந்து சேரிக்கு வராது. ‘கரஸ்லயா படிச்ச?’ என்று கேட்கிற குரலில் இருக்கிற ஏளனம் நமக்குப் பழக்கப்பட்ட ஏளனம்தான். ‘எந்தத் தெரு?’ என்று கேட்கிற அதே குரல்.

பெயர் வைத்த கதையிலும் இது தெரியும். ஆந்திரத்தின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கு 1991ல் அம்பேத்கர் பெயர் வைக்கப்பட்டது. குஜராத்தில் 1994ல் தொடங்கிய திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கும் அவர் பெயரே. மகிழ்ச்சிதான். ஆனால் மராத்வாடாவில் ஒரு ரெகுலர் பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயரைச் சேர்க்க 1978ல் தீர்மானம் போட்டபோது என்ன நடந்தது? சேரிகள் எரிந்தன, உயிர்கள் போயின, 1994 ஜனவரி வரைக்கும் 16 வருஷம் போராட வேண்டியிருந்தது. அதுவும் முழுப்பெயர் மாற்றமாகக் கிடைக்கவில்லை, மராத்வாடா என்கிற பழைய பெயருடன் ஒட்டித்தான் கிடைத்தது. எந்த வாசலில் அவர் பெயரை சும்மா விடுவார்கள், எந்த வாசலில் விடமாட்டார்கள் என்பதை இதில் புரிந்துகொள்ளலாம்.

நம்ம தோழர்கள் சிலர், ‘அப்போ இந்தத் தபால் படிப்பே ஏமாற்று வேலை, நம்ம பிள்ளைகள் ரெகுலருக்குத்தான் போகணும், இதில் போகவே கூடாது’ என்கிறார்கள். பிள்ளைகளைப் பொறுத்தவரை அது சரி. பதினேழு வயதுப் பிள்ளை கல்லூரிக்குள்ளே போய், விடுதியில் தங்கி, சண்டை போட்டு, நண்பர்களைச் சேர்த்துப் படிக்கணும். அந்த உரிமையை விட்டுக்கொடுக்கக் கூடாது. ‘நீ கரஸ்ல படிச்சுக்கோ’ என்று கல்லூரி வாசலிலிருந்து திருப்பி அனுப்பினால் அங்கேயே உட்காரணும். ஆனால் முப்பது வயதில் திரும்பி வருகிறவரிடம் போய் ‘ரெகுலரில் சேர்’ என்று சொல்வது, பசித்தவனிடம் போய் நல்ல சாப்பாடு எது என்று வகுப்பெடுக்கிற வேலை. சேரி வேண்டாம் என்பதற்காகச் சேரியில் இருக்கிறவனை நாம் கைவிடுவதில்லை. அங்கே தண்ணீர்க் குழாய் கேட்கிறோம், பட்டா கேட்கிறோம், ஊர்த்தெரு வழியாகப் பாதை கேட்கிறோம். இதிலும் அதே அரசியல்தான்.

அதனால் இந்தச் சேரியில் நடந்த மூன்று அநியாயங்களை விவரமாகச் சொல்றேன். மாணவர் தோழர்கள் குறித்துக்கொள்ளுங்க.

முதலாவது, வரிசை. 1985ல் யு.ஜி.சி. போட்ட விதியில் ஒரு நல்ல வாசல் இருந்தது. பள்ளிப் படிப்பே இல்லாதவரும் 21 வயது நிறைந்து, பல்கலைக்கழகம் நடத்தும் நுழைவுத் தேர்வில் தேறினால், தொலைநிலையில் இளங்கலை சேரலாம். பல்கலைக்கழகங்கள் இதற்கு மேலும் போய், இளங்கலையே இல்லாதவர்களுக்கு நேரடியாக எம்.ஏ. கொடுத்தார்கள். கட்டணம் வாங்கினார்கள், தேர்வு வைத்தார்கள், பட்டமளிப்பு விழாவில் துண்டும் அங்கியும் போட்டுக் கொடுத்தார்கள். 2009ல் உச்ச நீதிமன்றம், அடிப்படைப் பட்டம் இல்லாமல் வாங்கிய எம்.ஏ. செல்லாது, யு.ஜி.சி. விதியை எந்தத் திறந்தநிலைப் படிப்பும் மீற முடியாது என்று சொல்லிவிட்டது. அதே 2009ல் தமிழக அரசும் ஆணை போட்டது. பத்தாவது, பன்னிரண்டாவது, அதற்குப் பிறகு பட்டம் என்கிற வரிசையில் வந்தால்தான் அரசு வேலைக்குச் செல்லும்.

சட்டப்படி நீதிமன்றம் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. முதுகலை என்றால் இளங்கலைக்கு மேலே என்றுதான் பொருள். ஆனால் விதியை மீறியவர் யார்? விற்றவர் பல்கலைக்கழகம், வாங்கியவர் மாணவர். விற்றவர் வாங்கிய கட்டணம் விற்றவரிடமே இருந்துவிட்டது, வாங்கியவர் பட்டம் மட்டும் செல்லாக்காசு ஆகிவிட்டது. பத்தாவதுக்கு முன்னாலேயே பள்ளியிலிருந்து வெளியே தள்ளப்படுகிறவர்கள் எந்தத் தெருப் பிள்ளைகள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ‘முதல் படியில் ஏறாதவன் மூன்றாம் படியில் நிற்கக் கூடாது’ என்கிற விதி காதுக்கு நியாயமாகத்தான் கேட்கும். முதல் படியை உடைத்தவனைப் பத்தி மட்டும் அந்த விதியில் ஒரு வரி இருக்காது.

இரண்டாவது, அங்கீகாரம். தொலைநிலைப் படிப்புக்கான அங்கீகாரம் பல்கலைக்கழகத்துக்கு ஒருமுறை கொடுத்து முடிகிற விஷயம் கிடையாது. எந்தப் படிப்புக்கு, எந்தக் கல்வியாண்டுக்கு என்று தனித்தனியாக அனுமதி வேண்டும். 2013க்குப் பிறகு பல்கலைக்கழகங்கள் தங்கள் எல்லை தாண்டி மையம் நடத்தக் கூடாது என்று நெருக்கினார்கள். 2017லும் 2020லும் புது விதிகள் வந்தன. தரமதிப்பீட்டில் இத்தனை புள்ளி இருந்தால்தான் நடத்தலாம் என்றார்கள். தரம் பார்ப்பது தப்பில்லை. ஆனால் 2022 மார்ச்சில் யு.ஜி.சி. ஓர் அறிவிப்பு விட்டது: அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15 கல்வியாண்டு வரைக்கும்தான் அங்கீகாரம், அதற்குப் பிறகு நடந்த சேர்க்கைக்கு இல்லை. ஏழு வருஷம் கழித்து! நடுவில் சேர்ந்தவர்கள் கூலிக்காசைக் கட்டிவிட்டு, படித்து, எழுதி, தேறி உட்கார்ந்திருக்கிறார்கள். பல்கலைக்கழகமும் யு.ஜி.சி.யும் கடிதம் எழுதிக்கொண்டார்கள், வழக்குப் போட்டுக்கொண்டார்கள். மாணவனுக்கு ஒரு கடிதமும் வரவில்லை. ஊர்ப்பெரிய மனிதர்கள் இரண்டு பேர் சண்டை போட்டால் சேரிக் குடிசைதான் எரியும்.

அதே 2022 செப்டம்பரில் யு.ஜி.சி. இன்னொன்றும் சொன்னது. அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தில் தொலைநிலையிலோ இணையவழியிலோ வாங்கிய பட்டம் ரெகுலர் பட்டத்துக்குச் சமம். இதைக் கையில் வைத்துக்கொள்ளுங்க. எந்த அலுவலகத்திலாவது ‘கரஸ் டிகிரியா’ என்று இழுத்தால் இதைக் காட்டிப் பேசுங்க. சமம் என்று காகிதத்தில் எழுதியதை நடைமுறைக்குக் கொண்டுவர எவ்வளவு கத்த வேண்டியிருக்கும் என்பது, 17ஆவது சட்டப்பிரிவை வைத்திருக்கிற நமக்குத் தெரியாததா?

மூன்றாவது, தொழில்சார் மேம்பாடு. இதை நான் வேலை செய்கிற இடத்தை வைத்துச் சொன்னால்தான் புரியும். வங்கியில் என்னை மாதிரி குமாஸ்தாக்களுக்கு ஜே.ஏ.ஐ.ஐ.பி., சி.ஏ.ஐ.ஐ.பி. என்று தேர்வுகள் உண்டு. 1928லிருந்து இருக்கிற ஒரு நிறுவனம் நடத்துகிறது. முதலாவதை முடித்தால் ஓர் ஊதிய உயர்வு, அடுத்ததை முடித்தால் இன்னும் இரண்டு. பதவி உயர்வுக்கும் கணக்கில் வரும். படித்தால் சம்பளம் ஏறும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. தொழிற்சங்கம் போராடி வாங்கியது, நல்ல விஷயம்.

அதே கிளையைக் காலையில் ஏழரை மணிக்குக் கூட்டிப் பெருக்குகிற அக்கா ஒருத்தர் இருக்கிறார். வாரத்துக்கு எத்தனை மணிநேரம் என்று பார்த்து, மூன்றில் ஒரு பங்கு, பாதி, முக்கால் என்று சம்பளத்தை அறுத்துக் கொடுக்கிற வேலை அது. கிளைக்குள்ளே என்னை ‘சார்’ என்பார், வெளியே டீக்கடையில் ‘தம்பி’ என்பார். ஒருநாள் டீக்கடையில் கேட்டார்: “நான் எட்டாவதோட நின்னுட்டேன் தம்பி. இப்பப் பத்தாவது எழுதி பாஸ் பண்ணா, இந்தத் தொடப்பத்த வுட்டுட்டு பியூனாவாவது ஆவ முடியுமா?” முடியும் அக்கா, தகுதி வந்தா கேக்கலாம் என்றேன். தனித்தேர்வராக எழுத விவரம் பார்த்தோம். அறிவியல் பாடத்துக்குச் செய்முறை இருக்கிறது. அதற்குப் பதிவு செய்து, ஒதுக்கின பள்ளிக்குப் போய்ப் பயிற்சி வகுப்பில் உட்காரணும், வருகைப் பதிவு வேண்டும். பகலில் போகணும். நான் தேர்வு எழுதப் போனால் விடுப்பு கேட்க எனக்கு வழி இருக்கிறது. அவர் ஒருநாள் வரவில்லையென்றால் அன்றைக்குக் கிளை பெருக்கப்படாது, அந்த நாளுக்குக் கூலியும் கிடையாது. கடைசியில் அவருடைய தங்கை அந்த நாட்களில் வந்து பெருக்கினார். நான்கு பாடத்தில் தேறிவிட்டார், கணக்கு மட்டும் பாக்கி. திரும்ப எழுதப்போகிறார்.

இதில் நான் கேட்பது ஒன்றுதான். குமாஸ்தா படித்தால் மூன்று ஊதிய உயர்வு என்று எழுதத் தெரிந்த ஒப்பந்தத்துக்கு, பெருக்குகிறவர் படித்தால் இன்னது என்று எழுத ஏன் கை வரவில்லை? மத்திய அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர் என்று கணக்குக் காட்டும்போது தூய்மைப் பணியாளர்களைத் தனியாகப் பிரித்துக் காட்டுகிறார்கள். சேர்த்துக் காட்டினால் எண்ணிக்கை வீங்கிவிடும் என்று அவர்களுக்கே தெரியும். யார் எந்த வேலையில் குவிக்கப்பட்டிருக்கிறார்கள் என்று அரசுக்குத் தெரிந்துதான் இருக்கிறது. ஆனால் அந்த வேலையிலிருந்து வெளியே வருவதற்கான படிப்பை யாரும் ‘தொழில்சார் மேம்பாடு’ என்று சொல்வதில்லை. நம்மவர்களுக்கு மேம்பாடு என்று வருவதெல்லாம் புது மாதிரித் துடைப்பம், கையுறை போடும் பயிற்சி. செய்கிற தொழிலையே இன்னும் நல்லா செய் என்பது மேம்பாடு ஆகாது, தோழர்களே. அது பழைய குலத்தொழிலுக்குப் புதுச் சான்றிதழ். 1953ல் ராஜாஜி கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டத்தைக் குலக்கல்வி என்று சொல்லித் தமிழகமே எதிர்த்து, 1954ல் குழிதோண்டிப் புதைத்தோம். இப்போது அது திறன் வளர்ப்பு என்கிற பேரில் சாயங்கால வகுப்பாக எழுந்து வருதா என்று கண்ணைத் திறந்து பார்க்கணும்.

புதுசாக ஒன்று வந்திருக்கிறது, அதையும் சொல்லிடறேன். 2020 தேசியக் கல்விக் கொள்கையில் பல வாசல் திட்டம் என்று பேசினார்கள். ஒரு வருஷம் படித்து வெளியே போனால் சான்றிதழ், இரண்டு வருஷத்துக்கு டிப்ளமோ, மூன்று வருஷத்துக்குப் பட்டம். படித்த மதிப்பெண் அலகுகளைச் சேமித்து வைக்க 2021ல் ஒரு ‘கல்வி மதிப்பலகு வங்கி’ அமைத்தார்கள். எப்போது வேண்டுமானாலும் திரும்பி வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று விளம்பரம். கேட்க நல்லாத்தான் இருக்கு. லண்டனில் பாபாசாகேபுக்குக் கிடைத்தது எல்லாருக்கும் கிடைக்கப்போவுது என்றுகூடத் தோணும்.

நான் நிஜ வங்கியில் வேலை பார்க்கிறவன், அதனால் கேட்கிறேன். நீங்கள் ஒரு சேமிப்புக் கணக்கில் ஐந்நூறு ரூபாய் போட்டுவிட்டு இரண்டு வருஷம் தொடவில்லையென்றால் அது செயல்படாத கணக்கு ஆகும். பத்து வருஷம் தொடவில்லையென்றால் அந்தப் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போகும். அப்படிப் போன பிறகும் நீங்களோ உங்கள் வாரிசோ வந்து கேட்டால் வங்கி திருப்பித் தந்தாகணும். பணத்துக்கு அவ்வளவு மரியாதை. ஆனால் இந்தக் கல்வி வங்கியில் நீங்கள் போட்ட படிப்புக்கு அதிகபட்சம் ஏழு வருஷம்தான் ஆயுள். முதல் வருஷம் முடித்துவிட்டு அப்பா செத்துப்போய் வேலைக்குப் போன பெண், தம்பி தங்கைகளைக் கரையேற்றிவிட்டு எட்டாவது வருஷம் திரும்பி வந்தால் கணக்கு காலி. ஐந்நூறு ரூபாய்க்கு இருக்கிற பாதுகாப்பு அவள் படித்த படிப்புக்கு இல்லை. ஒரு வருஷத்தில் வெளியேறும் வாசலில் யார் போவார்கள்? அப்பா அம்மா பீஸ் கட்டுகிற வீட்டுப் பிள்ளை போகாது. வெளியேறும் வாசலை அகலமாகவும் திரும்பி வரும் வாசலைக் குறுகலாகவும் கட்டினால், அது வீடு இல்லை, பொறி.

சரி, என்ன செய்யலாம்? புலம்பிவிட்டுப் போக நாம் இங்கே கூடவில்லை.

நம்ம பகுதிகளில் இருக்கிற அம்பேத்கர் படிப்பகங்கள் பலதும் ஏப்ரல் 14க்கும் டிசம்பர் 6க்கும் மட்டும் திறக்கிற இடமாகிவிட்டன. அங்கே வாரத்தில் இரண்டு ராத்திரி ஒரு மேசையைப் போட்டு மாணவர் தோழர்கள் உட்காருங்க. படிப்பைத் தொடர நினைக்கிறவர் வந்தால் மூன்று விஷயத்தைப் பார்த்துச் சொன்னாலே போதும். ஒன்று, வரிசை. பத்தாவது, பன்னிரண்டாவது இல்லாதவரை எந்த முகவர் பேச்சையும் கேட்டு நேரடியாகப் பட்டத்தில் சேர விடாதீங்க. முதலில் தனித்தேர்வராக அந்த இரண்டையும் முடிக்க வைக்கணும், அவசரம் வேண்டாம். இரண்டு, அங்கீகாரம். அந்தப் படிப்பு, அந்தக் கல்வியாண்டு, இரண்டும் யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடுகிற பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, அந்தப் பக்கத்தை அச்செடுத்து விண்ணப்ப நகலோடு கோத்து வையுங்க. நாளைக்குச் சண்டை வந்தால் அதுதான் ஆவணம். மூன்று, பணம். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை 1944ல் பாபாசாகேப் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் இருந்த காலத்தில் வந்தது. அது ரெகுலருக்கு மட்டும் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 2010ஆம் ஆண்டு விதிகளிலேயே அஞ்சல்வழி மாணவருக்குக் கட்டணமும், புத்தகத்துக்கு ஆண்டுக்கு 1200 ரூபாயும் தரணும் என்று எழுதியிருந்தது. கேட்காததால் கிடைக்காமல் போன உரிமைகளின் பட்டியல் ரொம்ப நீளம். வருமான வரம்பு, இந்த வருஷத்து விதி எல்லாவற்றையும் ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் போய் எழுத்தில் கேளுங்க, எழுத்தில் பதில் வாங்குங்க.

பல்கலைக்கழகத்திடமும் அரசிடமும் நாம் கேட்க வேண்டியவை தனி. தொலைநிலைப் பிரிவின் ஆசிரியர் பணியிடங்களை ஒப்பந்தத்தில் ஓட்டாமல் நிரந்தரமாக்கி இடஒதுக்கீட்டுச் சுழற்சியில் நிரப்பணும். தொடர்பு வகுப்பு நாட்களிலும் தேர்வு நாட்களிலும், வெளியூரிலிருந்து வருகிற பெண்களுக்குத் தங்கும் இடம் வேண்டும். ஆதிதிராவிடர் நல விடுதிகளில் அந்த நாட்களுக்கு இடம் ஒதுக்கினால் போதும். அங்கீகாரச் சிக்கலில் பட்டம் போனவர்களுக்குக் கட்டணத்தைத் திருப்பித் தரணும், மறு தேர்வு எழுதிப் பட்டத்தைச் சரிசெய்துகொள்ள வழி வைக்கணும். கூட்டிப் பெருக்குகிறவர் படிக்கிற நாளுக்குச் சம்பளத்தோடு விடுப்பு வேண்டும், படித்து முடித்தால் அடுத்த வேலைக்கு உத்தரவாதம் வேண்டும். இதைத் தொழிற்சங்கத் தோழர்கள் அடுத்த ஊதிய ஒப்பந்தப் பேச்சில் வைக்கணும், எங்கள் சங்கத்தையும் சேர்த்துத்தான் சொல்றேன். கல்வி வங்கியில் ஏழு வருஷக் கெடுவை எடுக்கணும். படிப்புக்குக் காலாவதித் தேதி போட அது மாத்திரை அட்டை இல்லை.

1977லேயே யு.ஜி.சி. ஒரு கொள்கை சொன்னது. கற்பித்தல், ஆய்வு, இவற்றுக்கு இணையான மூன்றாவது கடமை பல்கலைக்கழகத்துக்கு உண்டு, அது மக்களிடம் போவது என்றது. போனார்கள், நாட்டு நலப்பணித் திட்டம் என்று பத்து நாள் முகாம் போட்டு நம்ம தெருவைக் கூட்டிவிட்டுப் போனார்கள். நம்ம தெருவைக் கூட்ட நமக்குத் தெரியும். அவர்கள் செய்ய வேண்டியது வேறு. நம்ம ஆட்கள் எந்த வயதில் வந்தாலும், எந்த நேரத்தில் வந்தாலும், விட்ட இடத்திலிருந்து தொடங்க ஒரு வாசலைத் தாழ்போடாமல் வைத்திருக்கணும்.

தொலைநிலைச் சேர்க்கை வருஷத்துக்கு இரண்டு முறை, ஜூலையிலும் ஜனவரியிலும் நடக்கும். அடுத்த சேர்க்கை தொடங்குறதுக்கு முன்னால் இங்கே இருக்கிற ஒவ்வொருத்தரும் தன் தெருவில் ஒரே ஒருத்தரைப் போய்ப் பாருங்க. ‘எத்தனாவதோட நிறுத்தினாங்க உன்ன?’ என்று கேளுங்க. நின்றாயா என்று கேட்காதீங்க, நிறுத்தினாங்களா என்று கேளுங்க. அவர் சொல்கிற பதிலிலிருந்து விண்ணப்பத்தை நிரப்ப ஆரம்பிங்க.

ஜெய்பீம்.